பெரியம்மாவின் பத்தாயிரம் அடி

என்னங்க, வணக்கம். உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

நான் வேலை செய்யும் வீட்டுப் பெரியம்மாவுக்கு உடம்பு இளைக்க வேண்டுமாம். நடந்த அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை, வெளியூரில் இருக்கும் அவர் மகள் அனுப்பினாள். எண்ணிக்கை அவள் போனிலும் தெரியும்.

"நீதான் நாள் முழுக்க நடக்கிறியே, நீயே கட்டிக்கோ" என்றார் பெரியம்மா. கட்டிக்கொண்டேன்.

போன வாரம் அந்த மகள் என்னைப் போனில் கூப்பிட்டு, "பத்தாயிரம் அடி! உங்களாலதான் அம்மா நடக்கறாங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று அழுதாள். பெரியம்மா இரண்டு கிலோ கூடியிருக்கிறார்.

எனக்கு ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று இருக்கிறது. உங்கள் தையல் மெஷினில் இரண்டு விரல் சிறிதாகப் புதிதாகத் தைத்து அனுப்புங்கள். கூடவே உங்கள் கையால் நாலு வரி. நான் இளைத்துவிட்டேன் என்று நம் பெண்ணிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இன்று அந்த மகள் எனக்கும் ஒரு கடிகாரம் அனுப்பியிருக்கிறாள், நன்றிக்காக. இரண்டு கையிலும் கட்டிக்கொண்டுதான் தரை துடைத்தேன்.

பெரியம்மா கூப்பிடுகிறார்.

உங்கள் வீட்டுக்காரி