பேர் சொல்லாமல் ஓடாது

பாவா,

இன்று காலை அவசரத்தில் பெயர் சேர்க்காமல் கட்டளையைத் தட்டிவிட்டேன். திரையில் நீ எழுதி வைத்த வரி வந்து நின்றது: "யார் பேருக்குடா? பேரு சொல்லாம எங்க ஓடிகினு கீற?" சிரிக்கத்தான் எழுதினாய். நான் மடிக்கணினியை மூடிவிட்டு அழுதேன்.

அத்தை மகன் என்றாலும் நமக்கு ஒரே வயது. 'பாவா' மரியாதைக்கு, 'நீ' உரிமைக்கு. ஆர்.கே.பேட்டை விசைத்தறிக்காரர்களுக்கு நாம் சேர்ந்து எழுதிய மென்பொருள் ஒன்றுதான். கட்டளைக்குப் பின்னால் ஒரு முதலாளியின் பெயரை அடித்தால், அவருடைய சேலை டிசைன்களை மட்டும் சேர்த்து அவர் தறிக்கான கோப்பாகத் தயாரித்துக் கொடுக்கும். பெயர் அடிக்காவிட்டால் கடைசியாக அடித்த பெயரையே எடுத்துக்கொள்ளும்படி முதலில் வைத்திருந்தாய். அதில்தான் மாட்டினோம். ஒருவர் டிசைன் இன்னொருவர் தறிக்குப் போய்விட்டது.

"எம் பார்டரு அவன் தறியில ஓடிகினு கீதுப்பா! இது நாயமா?" என்று டிசைனுக்குச் சொந்தக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். அவர் போனதும் நீ சொன்னாய்: "மலை மேல கோயில்ல தட்டை நீட்டினா குருக்கள் பேரு கேக்காம அர்ச்சனை பண்ணுவாரா? இதுவும் கேக்கட்டும்."

மாசியில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது. துக்க வீடு என்பதால் அத்தை இந்த வருடம் மலையேறவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் புள்ள பேர அங்க ஒரு தபா சொல்லுடா. இப்ப யாருமே அவன் பேர சொல்றதில்ல."

சன்னதியில் குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டார். உன்னுடையதைச் சொன்னேன். உன்னை அறிந்தவர்தான். தட்டை மெல்ல என் பக்கம் நகர்த்தினார். "போனவா பேருக்கு அர்ச்சனை இல்லப்பா. வேற பேரு சொல்லு." வேறு பெயர் வாயில் வரவில்லை. அத்தையிடம் என்ன சொல்வதென்று தெரியாமலே படியிறங்கினேன். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்று அழுது முடித்து, மடிக்கணினியை மறுபடி திறந்து, கட்டளைக்குப் பின்னால் உன் பெயரை அடித்தேன். அது மறுக்கவில்லை. உனக்குத் தறி ஏது, டிசைன் ஏது? ஆனாலும் வரிவரியாக ஓடி, கடைசியில் உன் பெயரைப் போட்டு 'தயார்' என்றது.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, உன் பெயரை வாய்விட்டுப் படித்தாள்.

"இன்னொரு தபா ஓட்டுடா" என்றாள்.

ஓட்டினேன். இனி எந்த முதலாளிக்கும் முன்னால், காலையில் முதல் பெயர் உன்னுடையதுதான், பாவா.