வேறு நாட்டுக்குச் செய்த ஃபோன்

மார்ச் 4, செவ்வாய்

புது ஃபோன் வந்துவிட்டது. பழையது கொஞ்ச நாளாகவே சார்ஜ் நிற்காமல் மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தது. வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸுக்கு ஃபோன் இல்லையென்றால் ஒரு கை இல்லாத மாதிரி.

தங்கைக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை ஃபோன் கடை வைத்திருக்கிறார். அவரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்து, மேலே ஒட்டியிருந்த தாளை உரித்து, திரையைத் தன் கட்டைவிரலால் ஒரு துடை துடைத்து என்னிடம் நீட்டினார். "ஷோரூம்ல இருக்கிறதும் இதேதாங்க்கா. அவன் போர்டுக்கும் ஏசிக்கும் சேர்த்து வாங்குறான். உங்களுக்குக் குடும்ப விலை."

அம்மாவுக்கு முகமெல்லாம் பல். தங்கை மட்டும் அவரைப் பார்க்காமல் ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

கேமரா பிரமாதம். ஒரு படுக்கைப் புண்ணைப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். "இவ்வளவு தெளிவா வேண்டாம்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

கப்பல்காரர் வீட்டில் சிக்னலே இல்லை. அவர் வாழ்நாளெல்லாம் கப்பலில் சமையல் செய்தவர். இப்போது ஈரல் போய்விட்டது. வலியில்லாமல் அனுப்பி வைப்பதுதான் என் வேலை. அவர் வீடு இருக்கும் பள்ளத்துக் குடியிருப்பில் அடுத்தடுத்து மூன்று பேரைப் பார்க்கிறேன். காலை முழுக்க அங்கேயேதான் இருந்தேன். அவர் மனைவி கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு ஒருத்தி திரும்பத் திரும்பச் சொல்றா நர்ஸம்மா. நீங்க பக்கத்து பிளாக்குலதான் இருந்தீங்களா?"

அங்கே பழைய ஃபோனில் சிக்னல் இல்லாமல் போனதே இல்லை. மாப்பிள்ளையிடம் கேட்டேன். "டவர் பிரச்சனைக்கா, சரியாயிடும்."

டவர் எனக்கு மட்டுமா சாய்ந்துவிட்டது? கப்பல்காரர் மனைவியின் ஓட்டை ஃபோனில் சிக்னல் முழுசாக இருக்கிறதே!

மார்ச் 14, வெள்ளி

வங்கிச் செயலி திறக்க மறுக்கிறது. 'இந்தக் கருவி பாதுகாப்பானதல்ல' என்கிறது. பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன், பாதுகாப்பில்லையாம்.

இன்னொன்று. நான் ஏற்றாத செயலிகள் நாலைந்து உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. அழுத்திப் பிடித்து நீக்கினால் போவதில்லை. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி.

மார்ச் 17, திங்கள்

பூட்டிய திரையில் சூதாட்ட விளம்பரம். நான் எதையும் தொடவில்லை.

மார்ச் 20, வியாழன்

எழுதவே கை கூசுகிறது.

கப்பல்காரர் மதியம் போய்விட்டார். நல்ல சாவாக அமைந்திருக்க வேண்டியது. வலியில்லை. மனைவி அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. "கடைசி வரைக்கும் காது கேக்கும்மா, பேசிக்கிட்டே இருங்க" என்று நான்தான் சொன்னேன். அவரும் காதோரம் குனிந்து மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போது என் ஃபோன் சிரித்தது. 'அடுத்த கோடீஸ்வரர் நீங்கதான்!' என்று ஒருத்தி கத்திச் சிரிக்கிறாள். சைலன்ட்டில்தான் வைத்திருந்தேன், சத்தியமாக. பையிலிருந்து எடுத்து அமுக்குகிறேன், நிற்கவில்லை. போர்வைக்குள் சுற்றினேன், உள்ளேயும் சிரிக்கிறாள். அவள் நின்றபோது மூச்சும் நின்றிருந்தது. எது முதலில் நின்றது? தெரியவில்லை.

அந்த அம்மா அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவர் கடைசியா கேட்டது அதுவா, நர்ஸம்மா?"

மார்ச் 21, வெள்ளி

சீழைப் பார்த்திருக்கிறேன். புழு வைத்த காலைக் கழுவியிருக்கிறேன். வாந்தி, மலம் எதற்கும் எனக்குக் குமட்டியதில்லை. அவையெல்லாம் உடம்பின் கஷ்டம், அதில் அசிங்கம் என்ன? இந்த ஃபோனைத் தொட்டால் மட்டும் குமட்டுகிறது. கையுறை போட்டு எடுத்துப் பேசுகிறேன். பேசி முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். அம்மா ஒரு மாதிரி பார்க்கிறாள்.

மார்ச் 24, திங்கள்

கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டருக்கே போனேன். கவுன்டரில் இருந்த பெண் ஃபோனைத் திருப்பி, எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

"இது இங்க விக்கிற மாடலே இல்லீங்க. வேற நாட்டுக்குன்னே செஞ்சது."

"பேர் ஒண்ணுதானேம்மா?"

"பேர் ஒண்ணு, உள்ள வேற. ஒவ்வொரு நாட்டு டவரும் வேற வேற அலைவரிசையில பேசும். இந்த ஃபோனுக்கு இங்கத்து அலைவரிசை ரெண்டு கிடையாது. அந்த டவர் மட்டும் இருக்கிற இடத்துல இது செவிடு."

செவிடு. அதே வார்த்தையைத்தான் சொன்னாள்.

அதுகூடப் பரவாயில்லை. பிறந்த நாட்டில் இந்த ஃபோனுக்குத் தமிழே கிடையாதாம். அதனால் யாரோ ஃபோனுக்குள் கம்பெனி போட்ட பூட்டை உடைத்து, அதன் ஃபர்ம்வேரை எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றியிருக்கிறார்கள். ஃபர்ம்வேர் என்றால் ஃபோனின் மஜ்ஜை என்று வைத்துக்கொள்ளலாம். நாம் ஏற்றும் செயலிகள் மேல்தோல். வேண்டாமென்றால் உரித்துப் போடலாம். மஜ்ஜையில் புகுந்ததை எந்த விரல் பிடுங்கும்? சிரிக்கிறவள் குடியிருப்பது அங்கே; சிக்னல் உள்ள இடத்தில் இறங்கிக்கொண்டு, இல்லாத இடத்திலும் சிரிப்பாளாம். பூட்டு திறந்தே கிடப்பதால்தான் வங்கியும் கதவைச் சாத்திவிட்டது.

"பழையபடி பூட்டிக் கொடுத்துடுங்களேன்."

"இந்த ஃபர்ம்வேரை உள்ள வச்சுக்கிட்டுப் பூட்டினா ஃபோன் செத்துடும். சரியானதைப் போட்டா பூட்டலாம். ஆனா தமிழும் வராது, விட்டுப்போன அலைவரிசையும் வராது." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "எங்க வாங்கினீங்க?"

'வீட்டு மாப்பிள்ளைகிட்ட' என்று சொல்ல நாக்கு வரவில்லை.

மார்ச் 26, புதன்

ஏமாந்தது அவரும்தானோ என்று ஒரு நப்பாசை. மொத்த வியாபாரி தலையில் கட்டியிருக்கலாமே? கடைக்கே போனேன். வாசனைத் திரவியம் மூக்கை அடைக்கிறது. எனக்கு ஸ்டூல் போட்டு, ஜூஸ் வரவழைத்தார்.

விஷயத்தைச் சொன்னேன். கப்பல்காரர் கதையையும் சொன்னேன். 'அய்யோ' என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த நேரத்துல சைலன்ட்ல போட்டிருக்கலாம்லக்கா."

"போட்டிருந்தேன். அது கேக்கல."

"ஆமாமா, இந்த ஃபர்ம்வேர்ல கேக்காது." சிரித்தார். அப்புறம், சொந்தக்காரியிடம் தொழில் ரகசியம் சொல்கிற குரலில், "நான்தாங்க்கா போடுறேன். அதை ஏத்தினா ஒவ்வொரு ஃபோனுக்கும் விளம்பரக்காரங்க நமக்குக் கொஞ்சம் தர்றாங்க. மாசா மாசம் வரும். கஸ்டமருக்கும் மலிவு. யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க?"

சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே முந்திக்கொண்டார். "உங்க நர்ஸுங்க குரூப்புல ஒரு வார்த்தை போடுங்களேன். உங்க பங்கைத் தனியா வச்சுடுறேன்."

ஜூஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆடு நனைகிறதே என்று அழும் ஓநாயாவது அழுகிறது. இந்த ஆள் அதற்குக்கூட மெனக்கெடுவதில்லை.

மார்ச் 27, வியாழன்

தங்கையிடம் சொன்னேன். கத்துவாள், பொறாமை என்பாள், அழுவாள் – எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அவர் ஏத்துறது. எங்க ஸ்கூல்ல டீச்சருங்களுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். உனக்கு மட்டும் நல்லதாக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்துட்டேன்னு சொன்னார்." மடித்த துணியை மறுபடி உதறினாள். "உனக்கும் அதையேவா கொடுத்தார்?"

அவள் குரலில் இருந்த அதிர்ச்சி அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் அவளுக்குச் சாதாரணம்! ஊராருக்கு அழுக்கு, அக்காவுக்குச் சுத்தம் – இதுதான் இவள் கணக்கு. நான் தூக்கி வளர்த்த பிள்ளையா இது?

என்ன சொன்னேன்? "தள்ளிப் போ, தொடாதே" என்றேன். அவள் என்னைத் தொடவே வரவில்லை.

மார்ச் 29, சனி

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "போயும் போயும் ஒரு ஃபோனுக்காகக் கல்யாணத்தைக் குலைப்பியா? உலகத்துல எவன்டி பொய் சொல்லாம வியாபாரம் பண்றான்?"

நான் யாருடைய கல்யாணத்தையும் குலைக்கவில்லை, நடந்ததைச் சொன்னேன் என்றேன்.

"எல்லாத்தையும் சொல்லணுமா?"



ஏப்ரல் 2, புதன்

சாயங்காலம் தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள்.

"அக்காவுக்கு ஏன் அதைக் கொடுத்தீங்கன்னு கேட்டேன். கொஞ்சம்கூடக் கூசலக்கா அவருக்கு. 'வெளியாளுன்னா திரும்பி வந்து சண்டை போடுவான். வீட்டாளுன்னா பொறுத்துக்குவாங்க'ங்கறார்."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. நாளைக்கு நானும் வீட்டாளுதானேன்னு நினைச்சேன்." மோதிரவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெறும் விரல். "மோதிரத்தைக் கவுன்டர்லயே வச்சுட்டு வந்துட்டேன்."

அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் மனசின் ஒரு மூலை முரண்டு பிடித்தது. உனக்கு வலித்ததும்தானே உனக்குப் புரிந்தது? அந்த டீச்சர்கள்?

கேட்டேவிட்டேன். "அவனை விட்டுட்டே, சரி. நீ வித்தது?"

அவள் முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியது. பாவி நான், இன்றைக்கே கேட்டிருக்க வேண்டுமா? ஆனால் வேறு என்றைக்குக் கேட்பது?

ஏப்ரல் 9, புதன்

வேறு ஃபோன் வாங்கினேன். இந்த முறை பெட்டியை உடைக்கவிடாமல் கையில் வாங்கி, பின்னால் ஒட்டியிருக்கும் பொடி எழுத்தைப் படித்தேன். மாடல் எண்ணின் கடைசி எழுத்து பெரும்பாலும் எந்த நாட்டுக்கு என்பதைச் சொல்லும். அந்த எண்ணைக் கம்பெனியின் நம் நாட்டுப் பக்கத்தில் தேடினால் இருக்க வேண்டும். அலைவரிசைகளும் அங்கேயே இருக்கும். திறந்தபின் 'ஃபோனைப் பற்றி' என்ற இடத்தில் ஃபர்ம்வேரின் எண்ணும் அதே நாட்டு எழுத்தைக் காட்ட வேண்டும். 'பூட்டு திறந்திருக்கிறது' என்று ஆன் ஆகும்போதே வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுத் திரும்பிவிட வேண்டும். இவ்வளவுதான். ஒரு ஊசிமருந்தின் காலாவதித் தேதி பார்க்கிற நேரம்கூட ஆகாது.

கடைக்காரர் எரிந்து விழுந்தார். "படிச்சுப் பார்த்துட்டா ஃபோன் வாங்குவாங்க? கலர் பாருங்கம்மா!"

ஊசி போடுவதற்கு முன் மருந்துப் பேரைப் படிக்க வேண்டாமா என்று கேட்டேன். நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

அம்மா எங்கள் இரண்டு பேரிடமும் பேசுவதில்லை. சாப்பாட்டை மட்டும் நங்கென்று வைக்கிறாள்.

ஏப்ரல் 24, வியாழன்

தங்கை இன்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாளாம். ஓய்வறையில், எல்லா டீச்சர்களும் இருந்தபோது, எழுந்து நின்று. எப்படித் தெரிந்துகொள்வது, வங்கிக் கடவுச்சொல்லை எப்படி மாற்றுவது, எதையெல்லாம் இனி அந்த ஃபோனில் செய்யக் கூடாது என்று. 'எனக்கு அப்பவே தெரியும்' என்பதையும் சேர்த்து. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் சொல்லச் சொல்லவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தங்க, நீயெல்லாம் பிள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் கொடுப்பேன்னு கேட்டாங்க. மத்தவங்க பையை எடுத்துக்கிட்டு வேற மேசைக்குப் போயிட்டாங்க."

அந்த ஃபோன்களுக்குப் பதில் ஃபோன் வாங்கிக் கொடுக்கிற வசதி எங்களுக்கு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அனுபவிக்கட்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. இன்னொரு மனம் அவளுக்கு வெந்நீர் போட்டு வைத்தது.

ஏப்ரல் 30, புதன்

மாப்பிள்ளையாக இருந்தவர் கடையை விரிவுபடுத்துகிறார். பக்கத்துச் சுவரை இடித்துவிட்டார்கள். வாசலில் கூட்டம். பஸ்ஸிலிருந்து பார்த்தேன். காறித் துப்ப வாயில் எச்சில் ஊறியது. ஜன்னலோரம் ஒரு குழந்தை இருந்ததால் விழுங்கினேன்.

கம்பெனிக்கும் நுகர்வோர் குறைதீர் அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். பார்க்கலாம். பார்ப்பார்களா?

ஜூன் 12, வியாழன்

கல்யாணத்துக்கென்று குறித்திருந்த நாள். அம்மா காலையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். தங்கை வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனாள். எனக்கு இரண்டு கட்டு மாற்றுகிற வேலை, புதிதாக ஒரு பக்கவாதக்காரர்.

வீட்டுக்கு வந்தபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு மதியம், அந்த ஃபோன் வாங்கின மியூசிக் டீச்சர் என் மேசைக்கு வந்து உக்காந்தாங்கக்கா."

"என்ன பேசினாங்க?"

"ஒண்ணும் பேசல." உரித்த வெங்காயத்தை என் பக்கம் தள்ளினாள். "உக்காந்து சாப்பிட்டாங்க."