55 என்று தைத்த கை

தேகு, தென்கொரியா, பிப்ரவரி 11

அன்பு மகள் மிரானுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் வேளைக்குப் பசித்து வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே கனடாவில் கால்கரிக் குளிரில் காதை மூடிக்கொண்டு வயிற்றுக்கு வஞ்சனை பண்ணாமல் நன்றாக இருக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங் என்பவளின் துணிக்கடையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிற்பாடு உன் அத்தை போனில் வேறு மாதிரி சொன்னால் நீ நம்பக் கூடாது. நான், உன் அத்தை பொக்ஹீ, உன் தம்பி கீபோம் கட்டப்போகிற பெண் சேரின், கடைக்காரி வாங், வாசலில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு இனிப்பு அடை தின்றுகொண்டிருந்த உன் அப்பா. ஐந்து பேர். உன் பேச்சும் வந்ததால் நீயும் இருந்ததாகத்தான் கணக்கு.

அப்பாவுக்கு முழங்கால் தேவலை, டாக்டர் மாடிப்படி ஏறாதே என்றதைச் சாக்கு வைத்துக்கொண்டு மாடியில் இருக்கும் கிம்ச்சி ஜாடியை எடுத்துவர என்னையே அனுப்புகிறார். இந்தப் பெட்டியில் கடல்பாசி இருபது கட்டு, மிளகாய்த்தூள், நீ கேட்ட காய்ந்த நெத்திலி, எல்லாவற்றுக்கும் அடியில் அளவெடுக்கிற டேப் ஒன்று வைத்திருக்கிறேன். அது எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். கல்யாணம் ஏப்ரல் இருபது. லீவு கிடைக்காது என்று புது வருஷத்தன்று நீ சொன்னபோது உன் குரல் லீவு கிடைக்காதவள் குரலாக இல்லை. அதனால் சேரினைக் கிண்டிக் கிண்டிக் கேட்டேன், அவளைத் திட்டாதே, பாவம், அழுதுவிடுவாள் போல இருந்தது. "அக்கா அங்க பதினாலு சைஸ் போடுறாங்களாம்மா, நம்ம ஊர்க் கடையில அவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதாம், போட்டோல அத்தைங்க நடுவுல நிக்க முடியாதுன்னு சொன்னாங்க" என்றாள். இதற்காகத்தான் என் மகள் ஒரே தம்பியின் கல்யாணத்துக்கு வரமாட்டாளா என்று எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்துக்குப் போட ஒரு கவுன் வேண்டும் என்று உன் அத்தை எங்களை இழுத்துக்கொண்டு போனாள். உனக்குத்தான் தெரியுமே, அவள் வாயைத் திறந்தால் தன் உடுப்பு சைஸ் 55 என்பதுதான். "எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியும் 55, ரெண்டு பெத்த அப்புறமும் 55, இன்னைக்கும் 55" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் வரை சொல்லியாயிற்று. முதல் கடையில் 55 என்று எழுதியிருந்ததைப் போட்டாள், தொளதொளவென்று கோணி மாதிரி தொங்கியது. "பாத்தீங்களா அண்ணி, நான் இன்னும் இளைச்சிருக்கேன்" என்று என் முகத்துக்கு நேரே திரும்பி நின்றாள். இரண்டாவது வாங் கடை. அங்கேயும் 55 தான் கேட்டாள், வாங் அவளை மேலும் கீழும் பார்த்து "அக்கா, இந்தத் தையலுக்கு 77 எடுத்துப் பாருங்களேன்" என்று மரியாதையாகத்தான் சொன்னாள், உன் அத்தை காதிலேயே வாங்காமல் திரைக்குள்ளே போய்விட்டாள். பிறகு "அண்ணி, கொஞ்சம் வாங்களேன்" என்று கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஒரு குரல். போய்ப் பார்த்தால் இரண்டு கையும் மேலே, தலை உள்ளே, கவுன் அக்குளில் மாட்டிக்கொண்டு ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்கிறது. சேரின் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இழுக்கிறோம், வாங் வெளியே நின்று "கிழிச்சிராதீங்கக்கா, அது ஒரே பீஸ்" என்கிறாள், உன் அப்பா வாசலிலிருந்து "யாரையாவது கூப்பிடவா" என்கிறார். உள்ளே இருந்துகொண்டே உன் அத்தை "லேபிள் தப்பு, லேபிளைத் தப்பாத் தச்சிருக்காங்க" என்று கத்தினாள். அப்போதுதான் எனக்கு நாக்கு நிற்கவில்லை. நாற்பத்திரண்டு வருஷமாக நான் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

அது என்னவென்று நீயும் தெரிந்துகொள். கல்யாணத்துக்கு முன்னால் நான் சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் ஒரு தையல்கூடத்தில் வேலை செய்தேன், பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி, அதனால் எனக்குக் கொடுத்தது லேபிள் தைக்கிற வேலை. எங்கள் கட்டிங் மாஸ்டர் சொல்வார், நாட்டிலிருந்த இளம்பெண்களை அளந்து பார்த்தார்களாம், உயரம் 155, மார்பு 85, இரண்டின் கடைசி இலக்கத்தையும் பக்கம் பக்கமாக எழுதி 55 என்று வைத்தார்களாம். அந்த ஒரு எண்ணுக்குத்தான் காரணம் உண்டு. அதற்குமேல் பதினொன்றைக் கூட்டி 66, இன்னொரு பதினொன்றைக் கூட்டி 77, அவ்வளவுதான், 77 போடுகிறவளின் உடம்பை எங்கே அளந்தாலும் அந்த எண் வராது. அரசாங்கமே அந்த எண்களை வேண்டாம் என்று எடுத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, கடைக்காரர்களும் உன் அத்தையும்தான் விடவில்லை. ஒரு அறுவடைப் பண்டிகைக்கு 66 அளவில் முந்நூறு பிளவுஸ் வெட்டியாகிவிட்டது, பார்த்தால் 66 லேபிள் தீர்ந்துபோய் 55 தான் மூட்டையாகக் கிடந்தது. முதலாளி வந்து, "55ஐயே வச்சுத் தையுங்கடி, எவ வேண்டாங்கப் போறா" என்றார். மூன்றே நாளில் முந்நூறும் போய்விட்டது. "உங்க 55 தான் எனக்குச் சரியா உக்காருது" என்று பெண்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அதிலிருந்து எங்கள் கூடத்தில் 66க்கு எப்போதும் 55 லேபிள்தான். மற்ற கூடங்களில் துணியை மிச்சம் பிடிக்க 55ஐச் சுருக்கி அதற்கு 66 என்று தைத்தவர்களும் உண்டு.

அந்த முந்நூறில் கடைசி முப்பதுக்கு வெள்ளை நூல் தீர்ந்து நான் இளநீல நூலில் லேபிள் தைத்தேன். அடுத்த வசந்தத்தில் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தேன். வந்த மூன்றாம் நாள் உன் பாட்டி முன்னாலேயே உன் அத்தை என் இடுப்பைப் பார்த்து, "அண்ணி 66ஆ, நம்ம வீட்டு வாசல் குறுகல் ஆச்சே, இடிச்சிக் கட்டணும் போல" என்றாள். அன்று அவள் போட்டிருந்தது காலர் வைத்த மஞ்சள் பிளவுஸ். மறுநாள் துவைக்கப் போட்டாள், துவைத்தது நான், உள்ளே திருப்பினால் கழுத்தில் 55, இளநீல நூல், என் தையல். நான் அதை அலசிப் பிழிந்து உதறிக் காயப்போட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஒவ்வொரு தடவை 55 என்று சொல்லும்போதும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது, அதனால்தான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்.

இதையெல்லாம் கவுனுக்குள் மாட்டியிருந்தவளிடம் சொன்னேன், ஓடிப்போக முடியாதல்லவா. பிறகு கவுன் குலுங்க ஆரம்பித்தது, அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன், பார்த்தால் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பில்தான் கவுனே கழன்றது. தலை கலைந்து வெளியே வந்து, "நாப்பது வருஷம் என்னை முட்டாளாக்கி வேடிக்கை பார்த்திருக்கீங்க, பரவாயில்ல அண்ணி, எனக்கு வேணும்தான். ஆனா அன்னைக்கு மிரானுக்காவது சொல்லியிருக்கலாமே" என்றாள். நான் கவுனை வாங்கி மடிக்க ஆரம்பித்தேன். அவளும் அன்று கூட இருந்தாள் என்பதை நான் மறக்கவில்லை, அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

நீ காலேஜில் சேர நுழைவுப் பரீட்சை எழுதி முடித்த குளிர்காலம். முதல் கோட் வாங்க உன்னைக் கூட்டிப்போனோம், சாம்பல் நிறக் கோட், நீ 66 கேட்டாய், தோளில் ஏறவில்லை. மோவாயில் மச்சம் உள்ள அந்தக் கடைக்காரி ஓ சுன்பூன், "இதுக்கு மேல எங்ககிட்ட இல்லம்மா, பெரிய உடம்புக்காரங்களுக்குப் பின்சந்துல கடை இருக்கு" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள். நான் அந்தக் கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டிருந்தேன் மிரான். ஓரத்தில் விரல்கடை துணிகூட விடாமல் மிச்சம் பிடித்துத் தைத்தது, 55க்கு 66 லேபிள் குத்திய பழைய வேலை. எனக்குத் தெரியும். தெரிந்தும், உன்னிடம் நான் சொன்னது, "ராத்திரிச் சோத்தைக் கொறச்சுக்கோ" என்பதுதான். நீ நாலு வருஷம் உன் அப்பாவின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு காலேஜ் போனாய், பிறகு விமானம் ஏறினாய். ஓ சுன்பூன் கடையை மூடும்வரை அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை, ஆனால் அவள் விற்றவள், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதனால் கேள். உன் அப்பாவின் நடைப்பயிற்சிச் சட்டையில் 3XL என்று போட்டிருக்கிறது, அறுபது கிலோ மனுஷன், ஒரு வருத்தமும் இல்லாமல் இனிப்பு அடை தின்கிறார். நீ அனுப்பிய S ஸ்வெட்டருக்குள் நானும் ஒரு தலையணையும் போகலாம். பதினாலும் 77ம் எவளோ மூட்டையில் கிடந்ததை எடுத்துத் தைத்தது. டேப் புதியது, என் பழைய டேப் இழுபட்டு அரை விரல் நீண்டுவிட்டது, அதுவும் பொய் சொல்லும். மார்பு, இடுப்பு, தோள், உயரம், நாலையும் அளந்து மார்ச் முதல் வாரத்துக்குள் எழுது. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு அளக்காதே. உனக்கான உடுப்பை நானே தைக்கிறேன், சாம்பல் நிறத்தில் நல்ல கம்பளித்துணி ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிட்டேன், உன் அத்தைதான் கடைக்காரனிடம் பேரம் பேசினாள். கழுத்தில் லேபிள் இருக்காது. ஏப்ரல் இருபது அன்று போட்டோவில் எனக்குப் பக்கத்தில் நீ நிற்க வேண்டும், உன் அத்தை தனக்கு 77 கவுன் வாங்கியாயிற்று என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

உடம்பும் மனசும் நிறைந்து நீ நீண்ட நாள் இரு, வேலையிடத்தில் உன் பேச்சு எடுபடட்டும், நல்ல தூக்கம் வரட்டும். ராத்திரிச் சோற்றைக் குறைக்காதே. உன் அத்தையை ஞாயிற்றுக்கிழமையோடு மன்னித்தாயிற்று, ஓ சுன்பூனையும் விட்டுவிட்டேன், முதலாளி செத்தே போனார். லேபிளைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டு கையில் பையோடு நின்றாளே ஒருத்தி, அவளை மட்டும் நான் மன்னிக்கப் போவதில்லை. எப்போதும் அம்மா என்றுதான் கையெழுத்துப் போடுவேன், இந்தத் தடவை அவள் பெயரையும் எழுதிவிடுகிறேன்.

உன் அம்மா,
பியோ மல்சுன்