பழைய ப்ளக்கோட நீளம்

என்னங்க,

இட்லி ஹாட் பாக்ஸ்ல இருக்கு. சட்னியை ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்துக்கோங்க.

நேத்து வாங்கிட்டு வந்த ஸ்பார்க் ப்ளக்கை கார்ல மாட்டாதீங்க. நீங்க கழட்டின பழசையும் புதுசையும் மேஜை மேல சேர்த்து நிக்க வச்சிருக்கேன். புதுசுல மரை நீளம் ஜாஸ்தி, மாட்டினா பிஸ்டன்ல இடிக்கும். ராத்திரி இதைத்தான் சொல்ல வந்தேன். "உனக்கு என்ன தெரியும்"னு கத்தினீங்க. நீங்களே பாருங்க.

கூட வாங்கின இக்னிஷன் காயில் சரியானதுதான், அது இருக்கட்டும்.

அப்பாவை டயாலிசிஸுக்கு ஆட்டோவுல கூட்டிட்டுப் போறேன். "ஜாய்சன் வரலையா"ன்னு கேட்டார். தூங்கறார்னு சொன்னேன். கத்தினதைச் சொல்லலை.

எவாஞ்சலின்

ப்ளக் ஸ்பேனரைத் தேட நக்கோ, வேணாம், அது என் ஹேண்ட்பேக்ல இருக்கு. மல்லாபூர் கடையில ப்ளக்கை மாத்திட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க, தரேன். அப்பாவும் உங்களைத்தான் கேட்டுக்கிட்டிருப்பார்.