கவிழ்த்து வைத்த கைப்பேசி

கிள்ளான், மலேசியா,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் தாமரைக்கு,

வான்கூவர்க் குளிரில் நீ உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்ற நினைவோடே எழுதத் தொடங்குகிறேன். இங்கே ஒரு வாரமாக அடைமழை. மேருச் சாலையில் வெள்ளம். நேற்று நான் பேசவிருந்த கூட்டம் நின்றுபோனது. நிற்காதிருந்தால் உன் அசைவூட்டப் படத்தை இன்னும் பார்த்திருக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டு லோகேஸ்வரியின் கணினியில் பார்த்தேன். ஏழே மணித்துளி, ஒரு சொல்கூட இல்லை. நாற்பது ஆண்டுகள் மேடையில் முழங்கிய என் வாயை அது அடைத்துவிட்டது. “பொம்மப் படம்னு கேலி பண்ணீங்களே அண்ணே, இப்ப கண்ணாடிய கழட்டிட்டு என்னத்த பாக்குறீங்க?” என்றார் லோகேஸ்வரி. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, படத்தை மறுபடி ஓட்டச் சொன்னேன்.

உன் அம்மா புனிதாவின் செருப்பு வாரில் குத்தியிருந்த ஊக்கைக்கூட வரைந்திருக்கிறாய். அவளோடு பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்த நான் அந்த ஊக்கைக் கண்டதில்லை. படத்தில் அவள் ஒரு கையால் நெஞ்சையும் மறு கையால் கைப்பேசியையும் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் சரிகிறாள். மூடாத குழாயில் நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அடுத்து, அதே நேரத்தில் மண்டபம். தாய்மொழி விழா. மேடையில் நான், காட்சிக்குக் காட்சி என் வாய் பெரிதாகிறது. உரைமேசையில் கவிழ்த்து வைத்த கைப்பேசி. அதன் விளிம்பில் மெல்லிய நீல ஒளிக்கோடு மும்முறை எரிந்து மும்முறை அணைகிறது.

கைப்பேசியை மகிழுந்தில் விட்டுவிட்டேன் என்று பத்தாண்டுகளாக ஊருக்கும் உறவுக்கும் சொல்லி வந்தேன். பொய், மகளே. முதல் அழைப்பிலேயே அவள் பெயரைக் கண்டேன். கைதட்டல் ஓயட்டும் என்று கவிழ்த்து வைத்தேன். நீ அதைப் பார்த்திருக்கிறாய். ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை.

அந்தக் காட்சியை நீக்கட்டுமா, நீங்கள் இசைந்தால்தான் வெள்ளிக்கிழமை திரைப்பட விழாவுக்கு அனுப்புவேன் என்று எழுதியிருந்தாய். நீக்காதே! ஒரு கோட்டையும் மெலிதாக்காதே! இக்கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்ப லோகேஸ்வரியிடமே கொடுக்கிறேன். அன்று அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டு ஓடி, வழியிலேயே இழந்தவர் அவர். படித்துவிட்டே அனுப்பட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முன்வரிசையில், மடியில் வரைதாளோடு ஒரு சிறுமி அந்த ஒளியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மண்டபத்தில் எல்லார்க்கும் முகம் உண்டு; அவளுக்கு மட்டும் வெற்றிடமாக விட்டிருக்கிறாய். அவளுக்கு அன்று பதினொரு வயது, தாமரை. அசைந்திருக்க வேண்டியவள் அவளல்ல, மேடையில் நின்ற நான்.

வெள்ளிக்குள் அவளுக்குக் கண்ணும் மூக்கும் வாயும் வரைந்துவிடு, மகளே. உன் கைகள் நலமாக இருக்கட்டும்.

அப்பா