வெள்ளிக்கிழமை ஆறு மணித் தபால்

லிண்டன்ஹோப்,
9 ஜனவரி 1911, திங்கள்.

என் மகன் நினியனுக்கு, அம்மா யூஃபி கிரான்ஸ்டன் எழுதுவது.

நீயும் ஆலிஸும் குழந்தையும் அந்தப் புகை பிடித்த ஓல்டம் ஊரில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது வயதில் பள்ளியை விட்டுக் காலுறை மில்லுக்குப் போனவளின் எழுத்து இது. புரியாவிட்டால் ஆலிஸிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. நீயே உட்கார்ந்து இரண்டு தடவை படி.

பேத்தியின் படம் வந்து சேர்ந்தது. மூக்கு உன் அப்பாவுடையது, பாவம். என் பெயரை வைத்தாய், சந்தோஷம். ஒன்பது வயதாகிவிட்டது, நான் அவள் தலையைத் தொட்டதில்லை. அது யாரால் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் பெயர் வருவதற்குள் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு ஓரங்களில் உறைந்து கிடக்கிறது. மில்லில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. எதிர்வீட்டு பெக் ஹாலிடே பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். 1888ல் என் துணிக்கொடியை அறுத்துவிட்டு, காற்று அறுத்தது என்றவள். இருந்தாலும் பார்லிக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது கொடியை ஞாபகப்படுத்தினேன். "இன்னுமா யூஃபி?" என்றாள். "கஞ்சியக் குடி, ஆறிடும்" என்றேன்.

டாக்டர் வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறார். வர வேண்டாம் என்றால் கேட்பதில்லை. அவருக்கே இருமல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

டிசம்பரில் நீ நாலு வரி எழுதியிருந்தாய். கிடியன் ஷீலின் மகன் ஆர்ச்சி அங்கே வந்தான், ஸ்மித் என்ற பெயரில் ஒரு மதியம் ரக்பி ஆடிக் காட்டினான், யாரிடமும் சொல்லாதே அம்மா என்று. நினியன், என் மகனே, பசித்த நாய் முன்னால் எலும்பை வைத்துவிட்டு மோந்து பார்க்காதே என்கிறாய்.

நீ மறக்கப் பார்க்கிறவன். அதனால் உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், படி.

1896ல் உனக்கு இருபத்திரண்டு வயது. தெற்கு மாவட்ட அணியில் உன் பெயர் வந்திருந்தது, வடக்கை எதிர்த்து ஆட. தபால் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினாய். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஓல்டமில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போனாய். காசுக்கு ஆடுகிறவர்களோடு ஒரே ஒரு மதியம் மைதானத்தில் நின்றால்கூட இங்கே ஆயுளுக்கும் தள்ளிவைப்பு. அதனால்தான் போகிறவர்கள் எல்லாரும் ஸ்மித் என்று போகிறார்கள். நம் பக்கத்து ஊர்களிலிருந்து போன ஸ்மித்துகளை உட்காரவைத்தால் ஒரு தேவாலயம் நிறையும். நீயும் ஸ்மித் ஆனாய். அங்கே நீ வாங்கியது ஒரு தட்டு ஆட்டுக்கறி, அவ்வளவுதான்.

போனது யாருக்குத் தெரியும்? எனக்கு, உன் அப்பாவுக்கு, கிடியன் ஷீலுக்கு. என் மேஜையில் என் மகனோடு சரிக்குச் சரி சாப்பிட்டவன். என்னை அத்தை என்று கூப்பிட்டவன். உன் பையை ரயில் நிலையம் வரை தூக்கி வந்தவனும் அவன்தான். நீ திரும்பி வந்த மூன்றாம் நாள் கமிட்டிக்குக் கடிதம் போனது. சனிக்கிழமை உன் இடத்தில், தெற்கின் சட்டை போட்டுக்கொண்டு, கிடியன் ஆடினான். அன்றைக்கு மாலை கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்து உன் கிளப் தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு முன்கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பதினைந்து வருஷமாக அது பகலிலும் தாழ்ப்பாள் போட்ட கதவு.

காசுக்கு ஆடின திருடன் என்று ஊரே சொன்ன பிறகு, அந்த ஓல்டமிலேயே ஆறு வருஷம் ஆடினாய். முழங்கால் போனது. பஞ்சாலைக்குப் போனாய். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை.

உன் அப்பாவை அடக்கம் செய்த நாள். பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு, பிடிக்கிற எட்டுப் பேருக்கும் அட்டை எழுதி அனுப்பினேன். தலைமாட்டுக் கயிறு உனக்கு. நாலாவது கிடியனுக்கு, கூட வேலை செய்தவன் என்று உன் அப்பா கேட்டுக்கொண்டதால் எழுதினேன், என் கை விரும்பி எழுதவில்லை. தள்ளிவைக்கப்பட்டவன் தலைமாட்டில் நிற்கிறான் என்று கிடியனும் இன்னும் இரண்டு கிளப்காரர்களும் வரவில்லை. பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை, நான் ஜன்னலில் நின்றேன். மூன்று கயிறு பிடிக்க ஆளில்லாமல் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து இறங்கியது என்று குழி தோண்டுகிறவன் வந்து சொன்னான். நீ என்னிடம் சொல்லவே இல்லை. நாற்பது வருஷம் நேராக நடந்த மனிதன், சாய்ந்து இறங்கினான்.

இப்போது கிடியன்தான் கிளப் தலைவர். மாவட்ட அணியைப் பொறுக்குகிறவர்களில் ஒருவன். வருகிற சனிக்கிழமை தெற்கும் வடக்கும் மோதுகின்றன, ஆர்ச்சியின் பெயர் அணியில் இருக்கிறது. அடுத்தது நாட்டுக்கே ஆடுவான் என்று பேச்சு.

உன் கடிதம் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலய வாசலில் கிடியனின் கையைப் பிடித்தேன். "உம் புள்ளைக்கு ஓல்டம்ல என்ன பேரு, கிடியன்?" என்றேன். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், நினியன். பதினைந்து வருஷம் காத்திருந்ததற்கு அந்த ஒரு நிமிஷம் போதும் என்று நினைத்தேன். போதவில்லை.

"அத்தை, பையன் வாழ்க்கை அத்தை" என்றான்.

"எனக்கும் ஒரு பையன் இருந்தான்" என்றேன்.

ஒன்றுதான் கேட்டேன். கிளப் அறையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, 96ல் அந்தக் கடிதத்தை எழுதியது நான், அவன் இடத்துக்காக எழுதினேன் என்று சொல். சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். சொல்லாவிட்டால் எடின்பரோ ரக்பி சங்கத்துக்கு ஸ்மித்தைப் பற்றி ஒரு கடிதம் போகும். யோசிக்க நாள் வேண்டும் என்றான். கொடுத்தேன். யோசித்து யோசித்து அவன் தூக்கம் கெடட்டும் என்றுதான் கொடுத்தேன்.

புத்தாண்டுக்கு மறுநாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஆர்ச்சி. கையில் ஒரு கட்டி நிலக்கரி. நம் வழக்கப்படி நிலக்கரியோடு வருஷத்தின் முதல் காலடியாக வந்திருக்கிறானாம். அவன் தலை எப்படி என்று உனக்குத் தெரியும், தீப்பிடித்த வைக்கோல். "செம்பட்டத் தல மொதல்ல உள்ள வந்தா வருஷம் வெளங்குமாடா? அங்கயே நில்லு" என்றேன். நின்றான். அவன் பிறந்தபோது வெந்நீர் வைத்தவள் நான், அப்போதும் இந்தத் தலைதான்.

நிலக்கரியை வாசல் கல்லில் வைத்துவிட்டுப் பேசினான். நீ எனக்கு எழுதாததை எல்லாம் சொன்னான். ஆட்டம் முடிந்ததும் ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தானாம். வாடா ஸ்மித் என்று காதைப் பிடித்துக் கூட்டிப்போனானாம். வீட்டில் ஆலிஸ் கறியும் உருளைக்கிழங்கும் போட்டாளாம். "காசுக்கு ஆடறேன்னு கையெழுத்துப் போட்டியா? போடலல்ல? நல்ல வேள. கெளம்பு, அடுத்த ரயிலப் புடி" என்று நீயே நிலையம் வரை நடந்து வந்து ஏற்றிவிட்டாயாம். ரயில் நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா வீட்டுப் பக்கம் போவியா? பொகக்கூண்டுல பொக வருதான்னு மட்டும் பாத்து ஒரு வரி எழுது" என்றாயாம்.

நினியன், கிடியன் மகனையா ரயிலேற்றிவிட்டாய்? உன் பையைத் தூக்கிவந்தே உன்னை விற்றவன் மகனின் பையையா நீ தூக்கினாய்? அரை மணி நேரம் எனக்கு உன் மேல் வந்த கோபம் கிடியன் மேல்கூட வந்ததில்லை. பழிவாங்க உனக்கு ஒரு விரல் அசைத்தால் போதும், பேசாமல் இருந்தால்கூடப் போதும். சோறு போட்டிருக்கிறாய்.

புகை வருகிறதா என்று என்னைக் கேட்டால் நான் சொல்ல மாட்டேனா?

அந்தக் கோபத்தில் ஆர்ச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரயில் நிலையம், பை, கடிதம், தொப்பி, சாய்ந்து இறங்கின பெட்டி. அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஓல்டமில் நொண்டுகிற அந்த மனிதர் ஏதோ தப்பு செய்துவிட்டு ஊரை விட்டுப் போனவர் என்றுதான் அவன் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். கடைசி வரை கேட்டான். பிறகு, "கடுதாசிய அனுப்பிருங்க பாட்டி. நான் ஸ்மித்துன்னு ஆடுனது நெசந்தான்" என்றான். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான். அன்றிலிருந்து அப்பன் மேஜையில் உட்காருவதில்லை. அவனுடைய அத்தைக்காரி வீட்டில் படுக்கிறான். பயிற்சிக்கு வருகிறானாம், அப்பன் பேசினால் பந்தைப் பார்க்கிறானாம்.

போன வியாழக்கிழமை கிடியன் வந்தான். தொப்பி கையில். நிலக்கரியை மிதிக்காமல் ஓரமாக நின்றான். "என்ன வேணா கேளுங்க அத்தை, புள்ள எம் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறான்" என்றான். அழுதான். "கிளப்புல எந்திரிச்சிச் சொன்னியா?" என்றேன். அது மட்டும் முடியாது என்றான். முப்பத்தெட்டு வயது, தலைவர் நாற்காலி, மாவட்டக் கமிட்டி. மகனைக் கொடுப்பானாம், நாற்காலியைக் கொடுக்க மாட்டானாம். கதவைச் சாத்தினேன். வெளியே நிற்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. உட்கார்ந்து கேட்டேன். அன்றைக்கு ரொட்டி இரண்டு துண்டு கூடவே இறங்கியது.

மறுநாள் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். தேதி, மைதானம், ஸ்மித், எல்லாம் இருக்கிறது. உன் பெயர் இல்லை. தபால்தலை ஒட்டிக் கடிகாரத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஆறு மணித் தபாலில் போட்டால் சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் எடின்பரோவில் இருக்கும். செம்பட்டைத் தலையன் சட்டையைக் கழற்ற வேண்டும். கிடியன் மேடையில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும்.

நான்கு நாளாக அதை எடுத்து அடுப்புப் பக்கம் கொண்டுபோகிறேன். மறுபடி கடிகாரத்துக்குப் பின்னால் வைக்கிறேன். என் கை அதை எரிக்காது, நினியன். அது நல்ல கை இல்லை, உனக்கே தெரியும். எரிக்க வேண்டுமென்றால் பையனுக்குச் சோறு போட்ட கை வந்து எரிக்கட்டும். கார்லைல் வழியாக வரும் ரயில் வெள்ளிக்கிழமை நாலரைக்கு இங்கே நிற்கிறது. ஆறு மணிக்கு நான் தபால்பெட்டிக்கு நடப்பேன். நீ வந்தால் நடக்க மாட்டேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். பதினைந்து வருஷத்தில் நீ வந்தது ஒரே தடவை, உன் அப்பா செத்தபோது. கெஞ்சி எழுதியபோதெல்லாம், ஊர் ஏதாவது பேசும் அம்மா என்றாய். மைதானத்தின் கதவு உனக்கு மூடியிருக்கலாம். இது என் கதவு.

இன்னொன்று. எட்டு அட்டை எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்னதற்காக அல்ல, எழுத்து நடுங்குவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்றுதான். ஒன்றாவது கயிறு உனக்கு. நாலாவது, சொன்னால் சிரிக்காதே, ஆர்ச்சிக்கு. கிடியன் பெயர் ஒன்றிலும் இல்லை. சுவருக்கு வெளியே நின்று தலையைத் தூக்கிப் பார்க்கட்டும். பெட்டி நேராக இறங்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்.

கர்த்தர் உன் வலது முழங்காலை ரயில் படிகளில் காப்பாராக. ஆலிஸுக்குச் சொல், பையனுக்குப் போட்ட கறிக்காக அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. குழந்தைக்கு இடம் கிடைத்தால் அவளையும் கூட்டி வா.

இந்த வருஷம் இதுவரை யாரும் என் முன்வாசல் படியைத் தாண்டவில்லை. டாக்டரைக்கூடப் பின்வாசலால்தான் விடுகிறேன். பையன் வைத்துவிட்டுப் போன நிலக்கரி கல்லின் மேலேயே கிடக்கிறது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தாழ்ப்பாளை எடுத்துவிடுவேன். தட்டாதே. அந்த நிலக்கரியை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே வா. கறுத்த தலை முதலில் நுழைந்தால்தான் நல்லது என்பார்கள். உன் தலை இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறதா? நரைத்திருந்தாலும் வா.

உன் அம்மா,
யூஃபி