கிழக்குப் பக்கத்து மாற்று இடம்

ஆகஸ்ட் 8, சனி

காலையிலிருந்தே காற்று. ஆடி முடியப் போகிறது, இன்னும் விடவில்லை. கொடியில் போட்ட துணியைக் கருவேலங்காட்டில் போய்த்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது.

ஆமத்தூர் ரோட்டில் புதிதாகக் கட்டிய ஸ்டேடியத்துக்குப் போனோம். பி.டி. ஜெயந்தி டீச்சர், பிரியா, நான். பதினைந்தாம் தேதி திறப்பு விழா. கொடியேற்றியதும் விமானத்திலிருந்து ஒருவர் பாராசூட்டில் குதித்து மைதானத்தின் நடுவில் இறங்குவார். அதற்குக் காற்றை அளந்து எழுத இரண்டு மாணவிகள் வேண்டுமாம். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னை எடுத்தார் டீச்சர். நான் போனால் தானும் வருவேன் என்று பிரியா.

குதிக்கப் போவது பெண்! ரேணுகா அக்கா. கோயம்புத்தூர். உயரம் என் அளவுதான். இதுவரை வயலிலும் விமானத் தளத்திலும்தான் இறங்கியிருக்கிறாராம். ஸ்டேடியத்துக்குள் இதுதான் முதல் தடவை. மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டுக் கிடைத்தது என்றார்.

எங்கள் வேலை:
1. தினம் காலை 7, 8 மணி. மைதானத்தின் நடுவில் நின்று காற்று மீட்டரைத் தலைக்கு மேல் பிடிக்க வேண்டும். விழா அன்று 9 மணிக்கும்.
2. திசை, வேகம். உள்ளது உள்ளபடி நோட்டில்.
3. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போனால் குதிக்க முடியாது.

பிறகு அக்கா ஒரு பெரிய படத்தை விரித்தார். மேலே இருந்து எடுத்தது. எங்கள் ஊரை அப்படிப் பார்த்ததே இல்லை. ஸ்டேடியம் முட்டை மாதிரி. கண்மாய், முகத்தில் விழுந்த மங்கு மாதிரி. காற்று மேற்கிலிருந்து வருவதால் கணக்குப் பிசகினால் ஆளைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். அதற்காகக் கிழக்கில் ஒரு மாற்று இடம் வேண்டும். அது இல்லாமல் குதிக்க அனுமதியே இல்லை. அங்கே சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

"எவ்ளோ அருமையான இடம் பாரு கண்ணு. மரம் இல்ல, கம்பி இல்ல. சின்னச் சின்ன ரூமு, தள்ளித் தள்ளி. நடுவுல தாராளமா எறங்கலாம்."

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "அக்கா, அது பட்டாசுக் கம்பெனி."

"தெரியும். அன்னைக்கு லீவுதான? ஆள் இருக்காது, மருந்து எல்லாம் குடோன்ல பூட்டியிருக்கும்னு எழுதியே குடுத்துட்டாங்க." கடிதத்தைக் காட்டினார். சீல், கையெழுத்து எல்லாம் இருந்தது.

அம்மா அங்கேதான் வேலை பார்க்கிறாள் என்று சொல்ல வந்தேன். பிரியாவின் அம்மாவும் அங்கேதான். லீவுதானே என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

7 மணி: மேற்கு, 19. 8 மணி: மேற்கு, 22.

அம்மாவுக்குத் தலை சீவிவிட்டேன். நகக்கண்ணில் வெடி மருந்தின் வெள்ளிப் பொடி ஏழு நாளும் போகாது. பாராசூட் கதையைச் சொன்னதும் சிரித்தாள்.

"பொம்பளையா? புருசன் விட்டாரா?"

"இன்னும் கல்யாணம் ஆகலம்மா."

"அதான் குதிக்கா."

விழாவுக்கு வாம்மா என்றேன். சீப்பைப் பிடித்து நிறுத்தினாள். "அன்னைக்கு வேலை இருக்கு புள்ள. வடக்க லோடு போகணும். முன்கேட்டப் பூட்டிருவாக, நாங்க காட்டு வழியாப் போயி பின்னாடி நுழைஞ்சிருவோம். போன வருசமும் அப்பிடித்தான. வெளிய சொல்லிராத."

ஆமாம். போன வருடம் கொடியேற்றத்தில் கொடுத்த மிட்டாயைச் சாயங்காலம் வரை அம்மாவுக்காக வைத்திருந்தேன். எறும்பு வந்துவிட்டது. எப்படி மறந்தேன்?

இன்னொன்றும் சொன்னாள். மற்ற நாளில் மேடையில் மட்டும்தான் வெடியைக் காயவைப்பார்களாம். ஆபீசர் வந்தால் வம்பு. லீவு நாளில் யாரும் வரமாட்டார்கள், அதனால் ரூமுக்கும் ரூமுக்கும் நடுவில் சாக்கை விரித்து அங்கேயும் காயப்போடுவார்கள். "அன்னைக்குத்தான் தோது" என்றாள்.

அக்கா தாராளமாக இறங்கலாம் என்று விரலை வைத்துக் காட்டிய அதே இடம்.

ஆகஸ்ட் 10, திங்கள்

7: தென்மேற்கு, 18. 8: மேற்கு, 24.

கணக்கு டெஸ்ட். நாலாவது கணக்கை விட்டுவிட்டேன், தெரிந்த கணக்கு.

காலையில் ரே. அக்காவிடம் கேட்டேன், குறி தவறி இறங்கியிருக்கிறீர்களா என்று. சிரித்தார். ஒரு தடவை வாழைத்தோட்டம். ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷன் பின்பக்கம், ஏட்டையா எழுந்து சல்யூட் அடித்துவிட்டாராம். பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள். என்னால் முடியவில்லை. தவறுவது உண்டு என்பதுதான் காதில் விழுந்தது.

குதிக்கும்போது இரண்டு காலிலும் புகைக்குழல் கட்டிக்கொள்வாராம். பச்சை, ஆரஞ்சு. தொட்டுப் பார்க்கலாமா என்றேன். "இப்போ தொடு. எரியிறப்போ தொட்டா தோல் வந்துரும். எறங்குன பெறகும் கொஞ்ச நேரம் கனலும்."

திரும்பும்போது பிரியாவிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கு ஏற்கனவே தெரியும். படத்தைப் பார்த்த அன்றே யோசித்துவிட்டாளாம்!

"நீ ஒண்ணும் சொல்லிராதடி. அவுக ஸ்டேடியத்துல எறங்கத்தான் வாராக. நம்ம கம்பெனிய ஏன் இழுக்க?"

ஆகஸ்ட் 11, செவ்வாய்

7: மேற்கு, 21. 8: மேற்கு, 26. இன்று விழா என்றால் குதித்திருக்க முடியாது. அன்றும் இப்படியே அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மூன்று வருடம் காத்திருந்தவருக்கு எதிராக வேண்டிக்கொள்வது பாவம்தான்.

அம்மாவிடம் பதினைந்தாம் தேதி போகாதே என்றேன். ஏன் என்றாள். சொன்னேன். அரிசியைக் களைந்துகொண்டே கேட்டுக்கொண்டாள்.

"நான் போகல. சரி. மத்த முப்பத்தொம்பது பேரு?"

களைந்த தண்ணீரை வடித்தாள்.

"ஆபீசர்ட்ட போச்சுன்னா சீல் வச்சிருவாக. தீபாவளி முடியுற மட்டும் நாரணாபுரத்துக் கம்பெனிக்கு வேன்ல போகணும். விடியுமுன்ன ஏறி, இருட்டித்தான் எறங்கணும். அதுவும் எடம் கிடைச்சா. நம்ம தெருவுல எந்த வீட்டுல அடுப்பெரியும்?"

மேலத்தெருவில் இரண்டு வருடம் முன்பு ஒரு கம்பெனியை அப்படித்தான் அடைத்தார்கள். ஆபீசருக்கு யார் போன் செய்தது என்று எப்படியோ தெரிந்துபோனது. போன் செய்தவர் வீட்டு ஆள் குழாயடிக்கு வந்தால் எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் நகர்ந்திருக்கிறேன்.

அப்பா லாரியில் லோடோடு போயிருக்கிறார். வர ஒரு வாரம் ஆகும். போனில் பேசினார். நான் எதுவும் சொல்லவில்லை, ஓட்டும்போது கவலைப்படுவார்.

ஆகஸ்ட் 12, புதன்

7: மேற்கு, 17. 8: மேற்கு, 19.

ஒரு யோசனை. வேறு மாற்று இடம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம்!

பள்ளி விட்டதும் சைக்கிளில் போனேன். கிழக்கே பார்த்தவை:
கண்மாய் உள்வாய், தண்ணீர் நிற்கிற பக்கம் – முழுக்க சீமைக்கருவேலம், முள்.
கல்குவாரி – சொல்லவே வேண்டாம்.
சீனிவாச நாயக்கர் கரிசல் – உழுது போட்டிருக்கிறது, மழைக்குக் காத்திருக்கிறது. கல் இல்லை. நூற்று எண்பது தப்படி நீளம்.

நாயக்கர் தாத்தா மோட்டார் ரூம் பக்கம் நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"வானத்துல இருந்தா? என் நெலத்துலயா?"

"ஆமா தாத்தா. ஒருவேளை வந்தா."

"மழைதான் வர மாட்டேங்கு, பொம்பளையாச்சும் வரட்டும். வரப்ப மட்டும் மிதிக்க வேண்டாம்னு சொல்லிரு."

வேகமாக மிதித்து ஸ்டேடியத்துக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். தோளில் தட்டி, என் பின்னாலேயே வந்து பார்த்தார். வயலின் மேல்பக்கம் மோட்டாருக்குப் போகும் கரண்டுக் கம்பி. எனக்குக் கண்ணிலேயே படவில்லை. தரையைத்தான் பார்த்திருக்கிறேன்.

"கீழ இருந்து பாக்குறவங்களுக்குக் கம்பி தெரியாது கண்ணு. எங்களுக்கு முதல்ல அதுதான் தெரியும். இது ஆகாது." பிறகு, "ஏன் இவ்ளோ தவிக்கிற? அங்கதான் எடம் இருக்குல்ல?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். என்னத்தை?

ஆகஸ்ட் 13, வியாழன்

7: மேற்கு, 15. 8: மேற்கு, 16. காற்று குறைந்துகொண்டே வருகிறது.

சாயங்காலம் மாரியப்பன் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், கம்பெனியில் போர்மேன். எனக்கு ஆறாம் வகுப்பில் அகராதி வாங்கித் தந்தவர். டீயைக் கையிலேயே வைத்திருந்தார், குடிக்கவில்லை.

"மருமவளே, காடு காடா அளந்துக்கிட்டுத் திரியிறியாமே?"

"பள்ளிக்கூட வேலை மாமா."

"நல்லா செய்யி. அந்தம்மா எம்புட்டுத் தடவ குதிச்சவுக. நேரா ஸ்டேடியத்துல எறங்குவாக. நம்ம பக்கம் ஏன் வரப் போறாக?"

"வந்தா?"

"வர மாட்டாக."

"அப்ப ஒரு நாள் வேலையை நிறுத்துங்க மாமா."

அம்மா, "ஏ புள்ள!" என்றாள். மாமா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "என் கையில இருந்தா நிறுத்த மாட்டனா? லோடு பதினாறு காலையில ஏறணும். மொதலாளி எழுதிக் குடுத்துட்டாரு. ஆள் இருக்குன்னு இப்பப் போயி எப்பிடி மாத்திச் சொல்லுவாரு?"

அவர் போனபின் அம்மா என்னைத் திட்டவில்லை. குழம்பில் உப்பு இல்லை, இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

7: மேற்கு, 13. 8: மேற்கு, 14.

மைதானத்தில் ஒத்திகை. நடுவில் ஆரஞ்சுத் துணியால் பெரிய பெருக்கல் குறி. அக்கா அதன் மேல் படுத்து வானத்தைப் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். மதியம் மதுரைக்குப் போய்விடுவார். விமானம் அங்கிருந்துதான்.

கார் கிளம்பும்போது ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அக்கா, அந்த லெட்டரை நம்பாதீங்க."

"எதை?"

"கிழக்க."

"ஏன்?"

கடைசியில், "நாளைக்கு எங்கம்மா அங்க இருப்பாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சாக்கு, காயப்போடுவது, நாற்பது பேர், எதுவும் சொல்லவில்லை.

அக்கா எஞ்சினை அணைத்தார். "கம்பெனில கேக்கட்டுமா?"

"வேண்டாம்க்கா! யார் சொன்னதுன்னு கேப்பாங்க. அடைச்சிருவாங்க."

திரும்பவும் சாவியைத் திருகினார். "நாளைக்குக் காத்து நல்லா இருக்கு. நான் நடுவுலதான் எறங்குவேன்" என்றார். பிறகு, "மேல போய்ப் பாக்குறேன்" என்றார். குதிப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அம்மாவுக்குத் துரோகம் செய்துவிட்டேனா? இல்லை, பாதிதான் சொன்னதால் அக்காவுக்கா? இரண்டையும் செய்ய ஒரே ஆளால் முடியும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 15, சனி

அம்மா ஆறு மணிக்கே போய்விட்டாள். பச்சைச் சேலை. நான் முழித்திருந்தேன், தூங்குகிற மாதிரி கிடந்தேன்.

7: மேற்கு, 11. 8: மேற்கு, 13. 9: மேற்கு, 12.

ஒன்பதுக்குப் பிறகு கீழ்க்காற்று இன்னும் விழுந்து, கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. நல்ல கூட்டம். ஒன்பதே முக்காலுக்கு விமானம் வந்தது. முதல் சுற்றில் மிகவும் தாழப் பறந்தது. காற்றைப் பார்ப்பதற்காக ஒரு மஞ்சள் காகித நாடாவைப் போட்டார்கள். அது கிழக்கே நகர்ந்து, சுற்றுச்சுவரைத் தாண்டி மறைந்தது. இரண்டாவது சுற்றில் கிழக்குப் பக்கம் வட்டமடித்தது. கதவு திறந்திருந்தது. கதவில் ஒரு ஆள். எல்லோரும் "ஓ!" என்று கத்தினார்கள். பிரியா என் கையைக் கிள்ளிக்கொண்டே நின்றாள்.

விமானம் திரும்பி வடக்கே போய்விட்டது.

கீழே நின்ற அக்காவின் ஆள் ரேடியோவைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "மேல் காத்து சரியில்ல, குதிப்பு கேன்சல்" என்றார். ஒரே சத்தம்.

"பொம்பளயக் கூட்டியாந்தா இப்பிடித்தான்."

"பயந்துட்டா. கீழ பாத்திருப்பா, கிறுகிறுன்னு வந்திருக்கும்."

விழாக் கமிட்டிச் செயலாளர் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். "காத்து நோட்டக் கொண்டா. ஒரு எலை ஆடல, காத்தாம்ல காத்து. இனி இவுகள எவனும் கூப்பிடாம பண்ணிருதேன்."

நோட்டு என் மடியில் இருந்தது. பேனா கையில் இருந்தது. ஒன்பது மணி வரியில் 12. அவர் வருவதற்குள் ஒன்றை மூன்றாக்கினேன்.

"முப்பத்திரெண்டா?"

"விட்டு விட்டு அடிக்கி சார்," என்றாள் பிரியா. "இப்ப நின்னிருச்சு."

நோட்டைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார். பிரியாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மதியம் ஜெ. டீச்சர் போனில் எனக்கென்று ஒரு செய்தி. ரே. அக்கா. "மேல இருந்து சேலை தெரிஞ்சது கண்ணு. கலர் கலரா." வேறு ஒன்றும் இல்லை. டீச்சர், "என்ன சேலை?" என்றார். தெரியாது டீச்சர் என்றேன். இன்று இரண்டாவது பொய்.

அம்மா ஏழு மணிக்கு வந்தாள். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

"குதிக்கலயாமே. காத்துன்னு சொன்னாகளாம். இன்னைக்கு எங்கன அடிச்சிச்சு காத்து? சாக்கு மேல வச்ச காயிதங்கூட அசையல."

நான் சோறு போட்டேன்.

"நீ சொல்லிட்டயாக்கும்."

"ஆமா."

"எம்புட்டு?"

"நீ இருப்பன்னு மட்டும்."

சோற்றைப் பிசைந்தாள்.

"பிளேன் சத்தங்கேட்டு எல்லாரும் ரூம விட்டு வெளிய ஓடியாந்துட்டோம். போர்மேன் கத்துதாரு, யாரு கேக்கா? சாக்குக்கு நடுவுல நின்னு அண்ணாந்து பாத்துக் கையக் காட்டுனோம். கதவுல ஒருத்தி நின்னா."

"அதுதான் அக்கா."

"அவளும் காட்டுனா," என்றாள் அம்மா. "வாங்கன்னு கூப்பிடுதா, போங்கன்னு சொல்லுதான்னு தெரியல. நாங்க பாட்டுக்குச் சிரிச்சிக்கிட்டு நின்னோம்."